விதியை எழுதியவன் யார்?

(பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் நடந்த பொதுக் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஒரு விளையாட்டு. கடவுளையும் ஜாதியையும் புரோகிதத்தையும் பற்றிப் பேச வேண்டியவர்கள் குழந்தை விளையாட்டைப் பற்றிப் பேச வந்துவிட்டார்களே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். விளையாட்டு என்பது அவ்வளவு அற்பமான சங்கதி அல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகின்றோம்.

வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிப்பதற்கென்று வீடுகளில் பரமபத சோபனப் படத்தை விரித்து ஆடுகின்றார்களே, அது வெறும் பொழுதுபோக்கா? ஏணிக்குப் புண்ணியத்தின் பெயர், பாம்புக்குப் பாவத்தின் பெயர், உச்சியிலே வைகுண்டம். ஆனால் ஆடுகின்றவன் புண்ணியம் செய்தா ஏணி ஏறுகின்றான்? பாவம் செய்தா பாம்பின் வாயில் விழுகின்றான்? இரண்டும் இல்லை. தாயக்கட்டை உருண்டபடி ஏறுகின்றான், உருண்டபடி இறங்குகின்றான். அவன் யோசிப்பதற்கு அந்தப் படத்தில் ஒரு கட்டம்கூட இல்லை. ஏறினவன் தன்னைப் புண்ணியவான் என்று நினைத்துக்கொள்ளவும், இறங்கினவன் எல்லாம் தலையெழுத்து என்று வாயை மூடிக்கொள்ளவும் ஏழு வயதிலேயே பழக்கிவிடுகின்றது. நூறு புராணப் பிரசங்கம் செய்ய முடியாத வேலையை ஒரு துண்டுப் படமும் ஒரு ஜோடிக் கட்டையும் செய்துவிடுகின்றன.

விளையாட்டினால் மூட நம்பிக்கையைப் புகட்ட முடியுமானால், விளையாட்டினாலேயே பகுத்தறிவையும் புகட்ட முடியுமா முடியாதா? முடியும் என்பதற்குத்தான் சற்று முன்பு இந்தத் திரையில் கம்ப்யூட்டரை வைத்து உங்களையே ஆடச் சொன்னோம். நீங்கள் ஆடியதில் என்ன இருக்கின்றது என்பதைச் சொல்லுவதே இந்தப் பேச்சு.

தோழர்களே! பொதுப் பரீக்ஷை வந்துவிட்டால் நம் ஊர்களில் என்ன நடக்கின்றது? பேனாவையும் ஹால் டிக்கட்டையும் சாமி முன்னால் வைத்துப் பூஜை செய்கின்றார்கள். பிள்ளை தேறிவிட்டால் பூஜையின் பலன் என்கின்றார்கள். தேறாவிட்டால் பூஜையைக் குறை சொல்லுகின்றார்களா? இல்லை, பிள்ளைக்குக் கிரகம் சரியில்லை என்கின்றார்கள். இதைக் கேட்டு நாம் சிரிக்கின்றோம். ஆனால் படித்த உத்தியோகஸ்தர்கள் ஒரு கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்து, அடுத்த வருஷம் தேர்ச்சி சதவிகிதம் ஏறியிருந்தால் எங்கள் திட்டத்தின் வெற்றி என்கின்றார்களே, அப்பொழுது நாம் ஏன் சிரிப்பதில்லை? இரண்டு பேரும் செய்த கணக்கு ஒன்றுதானே! முன்னால் ஒன்று நடந்தது, பின்னால் ஒன்று நடந்தது, ஆகவே முன்னது பின்னதற்குக் காரணம் என்பதைத் தவிர இவ்விரு கணக்கிலும் வேறு என்ன இருக்கின்றது?

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான். அது இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பூஜைக்காரரிடமும் இதையே கேட்க வேண்டும், சர்க்காரிடமும் இதையே கேட்க வேண்டும்.

நம் பக்கத்து விவசாயிக்கு இது புது விஷயம் அல்ல. ஒருவர் வெங்காயத்திற்குப் புது உரம் போட்டார், காய் பெருத்தது. உரத்தின் மகிமை என்கின்றார் உரக்கடைக்காரர். பக்கத்துக் கொல்லைக்காரர் அந்த உரத்தைத் தொடவே இல்லை. அவருக்கும் காய் பெருத்தது. அந்த வருஷம் மழை அளவாகப் பெய்தது என்பதுதான் சங்கதி. புத்தியுள்ள விவசாயி என்ன செய்வார்? நாலு பாத்திக்கு உரம் போட்டு, நாலு பாத்தியைச் சும்மா விட்டுப் பார்ப்பார். இதற்கு அவர் எந்தச் சர்வகலாசாலைக்கும் போகவில்லை. இந்தப் பாத்தி புத்தியைப் பள்ளிக்கூடத்திற்குக் கொண்டுபோவதைத்தான் திட்ட மதிப்பீடு என்று பெரிய பெயரிட்டு அழைக்கின்றார்கள்.

ஆனால் பள்ளிக்கூடத்தில் ஒரு கஷ்டம் உண்டு. ஒரே பிள்ளையைத் திட்டத்தோடும் வளர்த்து, திட்டம் இல்லாமலும் வளர்த்துப் பார்க்க முடியாது. போன வருஷம் போனதுதான். நடந்தது மட்டும் கண்ணுக்குத் தெரியும். நடக்காமல் போனது ஒருவர் கண்ணுக்கும் தெரியாது. இந்த இருட்டில்தான் ஜோசியனும் பிழைக்கின்றான், பொய் அறிக்கை எழுதுகின்றவனும் பிழைக்கின்றான். கம்ப்யூட்டர் விளையாட்டில் மட்டும் நடக்காமல் போனதையும் பார்க்கலாம். அதே ஊர், அதே பிள்ளைகள், அதே காய்ச்சல், அதே மழை, திட்டம் மட்டும் இல்லை என்று மறுபடியும் முதலிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். இதுதான் இந்த விளையாட்டின் பெருமை.

முதல் ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். திரையில் நூறு பொம்மைப் பிள்ளைகள் இருந்தார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் உள்ளே இவ்வளவு படிப்பு என்று ஓர் எண் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. பரீக்ஷை அன்று அந்த எண்ணோடு தற்செயலாக ஒரு சிறு தொகை கூடும், அல்லது குறையும். படித்த கேள்வி வந்தால் கூடும். காய்ச்சல் வந்தால் குறையும். முதல் பரீக்ஷையில் கடைசியாக வந்த 20 பிள்ளைகளில் சீட்டுக் குலுக்கிப் பத்துப் பேருக்குத் தாயத்துக் கட்டினோம். கட்டும்போது அவர்களுடைய சராசரி 29 மார்க்கு. அடுத்த பரீக்ஷையில் 36 ஆயிற்று. முன்வரிசையில் இருந்த தாயார் ஒருவர், "பலித்துவிட்டதே!" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள்.

பிறகு தாயத்துக் கட்டாத பத்துப் பேரைத் திறந்து காட்டினோம். அவர்கள் 30லிருந்து 37க்கு வந்திருந்தார்கள். அந்தத் தாயத்துக்கு யந்திரத்தில் ஒரு மார்க்கு சக்திகூட நாம் எழுதி வைக்கவில்லை. அப்படியானால் மார்க்கு ஏறியது எப்படி? கடைசியாக வந்தவர்களில் பலர் அன்றைக்குக் காய்ச்சலோடு எழுதினவர்கள். மறுநாளும் எல்லோருக்கும் காய்ச்சல் வருமா? வராது. ஆகவே தானாக ஏறுகின்றார்கள். அதேபோல, முதலில் வந்த 20 பேரைப் பார்த்தோம். அவர்கள் 71லிருந்து 64க்கு இறங்கியிருந்தார்கள். நம் வீடுகளில் இதற்கு என்ன பெயர் சொல்லுவார்கள்? கண்ணேறு பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போடுவார்கள். முதல் நாள் அதிர்ஷ்டம் மறுநாள் இல்லாமல் போனதற்கு அண்டை வீட்டுக்காரியின் கண்ணையா குற்றம் சொல்லுவது?

தாயத்தும் கண்ணேறும் இத்தனை காலம் உயிரோடு இருப்பதற்கு மக்கள் முட்டாள்கள் என்பது காரணம் அல்ல. தாயத்தைக் கெட்ட நாளில் கட்டுகின்றோம். கெட்ட நாளுக்குப் பின் பெரும்பாலும் அதைவிட நல்ல நாளே வருகின்றது. கண் பார்த்தது பொய் அல்ல. கண் பார்க்காத மற்றப் பத்துப் பேரைக் கணக்கில் சேர்க்காததுதான் பொய். இதை நாம் இருபது வருஷம் மேடையில் பேசிப் பார்த்தும் புரிய வைக்க முடியவில்லை. அந்தத் தாயார் ஐந்து நிமிஷம் ஆடியதில் புரிந்துகொண்டார்.

அடுத்த ஆட்டம் இதைவிடக் கடுமையானது. அதில் மாலை வகுப்பு என்ற திட்டத்திற்கு உண்மையிலேயே சக்தி உண்டு. அது எத்தனை மார்க்கு என்பதை யந்திரம் ஒளித்து வைத்துக்கொள்ளும். ஆடுகின்றவர் கண்டுபிடிக்க வேண்டும். முதலில் ஆடிய தோழர், இஷ்டப்பட்டவர்கள் வரலாம் என்று வகுப்பைத் திறந்துவிட்டார். வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் 14 மார்க்கு வித்தியாசம் என்று கண்டு சந்தோஷப்பட்டார். யந்திரம் மூடியைத் திறந்தது. உண்மை 5 தான். மிச்சம் 9 எங்கிருந்து வந்தது? அக்கறையுள்ள தாய் தகப்பன் தங்கள் பிள்ளையை அனுப்பினார்கள். மாடு மேய்க்கவும் தம்பியைப் பார்த்துக்கொள்ளவும் வேண்டிய பிள்ளை வரவில்லை. வகுப்பு தொடங்குவதற்கு முன்னமேயே இருந்த வித்தியாசம் வகுப்பின் பெயரில் வரவாயிற்று. அடுத்து ஆடியவர் சீட்டுக் குலுக்கி இடம் கொடுத்தார். அவருக்கு 6 வந்தது. மறுபடி ஆடினார், 4 வந்தது. கொஞ்சம் பேரை வைத்துப் பார்த்தால் இப்படி ஆடும், அதிகம் பேரை வைத்துப் பார்த்தால் ஆட்டம் அடங்கும் என்பதை அவரே சொல்லிவிட்டார். கையில் உள்ள பணத்தில் சோதனைக்கு எடுத்தால் வகுப்புக்குக் குறையும் என்று யந்திரம் பயமுறுத்தும்போது எவ்வளவு எடுப்பது என்று யோசிப்பதும் பாடந்தான்.

இந்த இடத்தில் நமது குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சில வருஷங்களுக்கு முன் நம் தோழர்கள் ஒரு கிராமத்தில் இலவச இரவு வகுப்பு நடத்தினார்கள். கடைசி வரை வந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் தேறினார்கள். நாம் அதை மேடைக்கு மேடை பெருமையாகப் பேசினோம். ஒரு நாள் பழைய வருகைப் பட்டியலை எடுத்துப் பார்த்தபோதுதான், பாதியில் நின்றுபோன பிள்ளைகளின் பெயர்களை நாம் எண்ணவே இல்லை என்பது தெரிந்தது. அவர்களில் பலர் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். யாருக்காக வகுப்பு தொடங்கினோமோ அவர்களையே கணக்கிலிருந்து தள்ளிவிட்டு வெற்றி கொண்டாடியிருக்கின்றோம். கோவிலில் வேண்டுதல் பலித்தவன் மட்டும் வந்து மணி கட்டுகின்றான்; பலிக்காதவன் வந்து எதையும் கட்டுவதில்லை; ஆகவே கோவில் முழுவதும் பலித்த மணிதான் என்று நாம் கேலி பேசுவதுண்டு. நமது வகுப்பிலும் அந்த மணியைத்தானே நாமே கட்டிக்கொண்டோம்!

இதெல்லாம் பொம்மைக் கணக்கு, நிஜத்தில் உண்டா என்று கேட்பீர்கள். நம் நாட்டிலேயே உண்டு. கொரோனா நோயினால் 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டு, தமிழ்நாட்டில் சிறு வகுப்புகள் 2021 நவம்பர் 1ந் தேதிதான் மறுபடி திறந்தன. இல்லம் தேடிக் கல்வி என்ற திட்டத்தைச் சர்க்கார் 2021 அக்டோபரில் தொடங்கியது. ஊருக்குள்ளேயே மாலையில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம், மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை பெறும் தொண்டர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். அப்படி ஏறக்குறைய 2 லட்சம் பேர் வேலை செய்தார்கள், பெரும்பாலோர் பெண்கள். இத்திட்டம் பலித்ததா?

அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய மூன்று பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறக்குறைய 19,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். அதே கிராமங்களில் 2019ல் பிள்ளைகள் எப்படிப் படித்தார்கள் என்ற கணக்கு அவர்கள் கையில் இருந்தது. ஆகவே இன்னும் பள்ளி மூடாமல் இருந்திருந்தால் என்ன என்ற கேள்விக்கு ஒப்பிட ஓர் ஆதாரம் கிடைத்தது. 2021 டிசம்பரில் பிள்ளைகள் கணக்கில் மிகவும், மொழியில் ஓரளவும் பின்தங்கியிருந்தார்கள். 2022 மே மாதத்திற்குள், அந்தப் பின்னடைவில் மூன்றில் இரண்டு பங்கை மீட்டுவிட்டார்கள்.

இதோடு நிறுத்தியிருந்தால் என்ன சொல்லியிருப்போம்? திட்டம் மூன்றில் இரண்டு பங்கை மீட்டது என்று சுவரெல்லாம் எழுதியிருப்போம். ஆராய்ச்சிக்காரர்கள் நிறுத்தவில்லை. வகுப்புக்கு வந்த பிள்ளை, வராத பிள்ளை என்று ஒப்பிட்டுப் பார்த்து, அந்த மீட்சியில் சுமார் நான்கில் ஒரு பங்குதான், அதாவது 24 சதவிகிதந்தான், இல்லம் தேடிக் கல்வியினால் வந்தது என்றார்கள். மிச்சத்திற்குப் பள்ளிக்கூடக் கதவு திறந்தது முதலான மற்றக் காரணங்கள் உண்டு. நான்கில் ஒன்று என்பது திட்டத்திற்கு அவமானமா? ஒருக்காலும் இல்லை. இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பிள்ளைகளுக்கு நான்கில் ஒரு பங்கு என்பது மிகப் பெரிய காரியம். ஏழை வீட்டுப் பிள்ளைகளே அதிகமாக அந்த வகுப்புக்கு வந்தார்கள் என்பது அதைவிடப் பெரிய காரியம். உண்மை அளவைச் சொன்னால் நல்ல திட்டத்தின் மதிப்பு குறையாது. பொய் அளவைச் சொன்னால்தான், ஒரு நாள் எதிரி கணக்குக் கேட்கும்போது நல்ல திட்டமும் சேர்ந்து விழும்.

நம் மாவட்டத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். அசர் என்ற கல்விக் கணக்கெடுப்பை 2023ல் இந்தியாவில் 28 மாவட்டங்களில் 14 வயது முதல் 18 வயது வரையுள்ளவர்களிடம் எடுத்தார்கள். தமிழ்நாட்டில் எடுத்தது நம் பெரம்பலூர் மாவட்டத்தில்தான். அந்த 28 மாவட்டங்களையும் சேர்த்துப் பார்த்தால், தங்கள் வட்டார மொழியில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடையில்லாமல் படிக்க முடியாதவர்கள் சுமார் நாலில் ஒருவர். மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்தவர்கள் பாதிப் பேருக்கும் குறைவு. இந்தப் பிள்ளைகள் எல்லோரும் ஏதாவது ஒரு திட்டத்தின் வெற்றிக் கணக்கில் ஏற்கெனவே எண்ணப்பட்டவர்கள் தானே என்று யோசித்துப் பாருங்கள்!

"ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்" என்று நம்மவர்கள் ஒரு பழமொழி சொல்லுகின்றார்கள். அது "ஆயிரம் வேரைக் கொன்றவன்" என்றுதான் இருக்க வேண்டும் என்று பண்டிதர்கள் திருத்துவார்கள். கல்வித் திட்டங்களின் விஷயத்திலோ பாமரர் சொல்லுவதே சரியாக இருக்கின்றது. ஒருவர் உத்தியோகத்தில் ஏறி, திட்டம் போட்டு, தப்பு செய்து, அதிலிருந்து கற்றுக்கொள்ளுவதற்குள் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பள்ளியை விட்டு வெளியேறிவிடுகின்றார்கள். ஆகாய விமானம் ஓட்டப் பழகுகின்றவனுக்கு 1929லேயே எட்வின் லிங்க் என்ற அமெரிக்கர் தரையில் நிற்கும் பொம்மை விமானம் ஒன்றைச் செய்தார். அதில் தப்பு செய்தால் ஒருவரும் சாவதில்லை. விமானிக்கு அந்தப் பழக்கம் அவசியமானால், லட்சக்கணக்கான பிள்ளைகளின் படிப்பை ஓட்டுகின்றவர்களுக்கு அவசியம் இல்லையா? பொம்மை ஊரில் பத்துத் தடவை ஏமாந்தவர் நிஜ ஊரில் ஒரு தடவையாவது ஏமாறாமல் இருப்பார்.

டொனால்ட் கேம்பல் என்ற அமெரிக்க உளநூல் அறிஞர் 1969ல் ஒன்றை எழுதினார். திட்டம் வெற்றி பெற்றே தீரும் என்று முன்கூட்டியே சத்தியம் செய்துவிட்ட அதிகாரி, உண்மையான சோதனைக்குப் பயப்படத்தான் செய்வார் என்பது அதன் கருத்து. மதக்காரன் கேள்விக்குப் பயப்படுவதும் இதே காரணத்தால்தான். விளையாட்டில் அந்தப் பயம் இல்லை. பொம்மைத் திட்டம் தோற்றால் ஒருவருக்கும் உத்தியோகம் போகாது. ஆகவே தோல்வியை வெட்கமில்லாமல் பார்க்கப் பழகுகின்றார்கள்.

இனி இந்த விளையாட்டின் குறையையும் சொல்லிவிடுகின்றோம். யந்திரம் கடவுள் அல்ல. எழுதினவன் போட்டதைத் தவிர அதில் ஒன்றும் இராது. பின்வரிசையில் ஒதுக்கி உட்கார வைக்கப்பட்ட பிள்ளையின் மனவேதனையை எழுதினவன் போடாவிட்டால், அந்த ஊரில் ஜாதியே இல்லை என்று யந்திரம் சாதிக்கும். ஆகவே எந்தக் கணக்கைக் கண்டாலும், அளந்தது எதை, அளந்தவர் யார், கேள்வியை எழுதினவர் யார் என்று கேட்க வேண்டும்.

1953ல் ஆச்சாரியார் கிராமப் பள்ளிகளில் மூன்று மணி நேரம் படிப்பு, மிச்ச நேரம் தகப்பன் தொழில் என்ற திட்டத்தைச் சட்டசபையில்கூட விவாதிக்காமல் கொண்டுவந்தார். எதிர்ப்பு வலுக்கவே பருலேகர் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். குழு என்ன சொல்லிற்று? திட்டம் சரியானதே என்றது! ஏன்? அதே கட்டடத்தில், அதே வாத்தியாரைக் கொண்டு, அதிகம் பிள்ளைகளைப் படிக்க வைக்கலாமா என்று அளந்தால் சரி என்றுதான் வரும். வண்ணான் மகன் வண்ணானாகவும் அம்பட்டன் மகன் அம்பட்டனாகவுமே இருக்க வேண்டுமா என்பது அந்த அளவுகோலில் எந்த இடத்தில் இருக்கின்றது? பெரியார் அந்தக் கேள்வியை ஊர் ஊராகக் கேட்டார். 1954ல் ஆச்சாரியார் பதவியை விட்டுப் போனார். காமராசர் அத்திட்டத்தை எடுத்தெறிந்தார்.

இன்னொன்றும் உண்டு. 1920ல் பிட்டி தியாகராயர் தலைமையில் சென்னை நகரசபை ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு போடத் தொடங்கிற்று. 1925ல் அதை நிறுத்தும்படி ஆயிற்று. பின் காமராசர் 1956ல் தமிழ்நாட்டில் மதிய உணவைக் கொண்டுவந்தார். 2022 முதல் காலையுணவும் போடுகின்றார்கள். இப்பொழுது ஒருவர் வந்து, காலையுணவினால் கணக்கில் எத்தனை மார்க்கு ஏறிற்று என்று கேட்கட்டும். நாமும் அளந்து சொல்லுவோம். ஆனால் ஒரு மார்க்கும் ஏறவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்; பசித்த பிள்ளையின் தட்டை எடுத்துவிடலாமா? கூடாது. எதனால் எது விளைகின்றது என்பதைக் கணக்கு சொல்லும். எது வேண்டும் என்பதை மானமும் நியாயமுந்தான் சொல்ல வேண்டும். இரண்டையும் குழப்புகின்றவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

ஆகவே தோழர்களே! உங்களில் பலர் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கின்றீர்கள். அடுத்த கூட்டத்தில் புதுத் திட்டம் ஒன்றைப் பற்றிப் புகழ்ந்து பேசினால், எதனோடு ஒப்பிட்டீர்கள், பாதியில் நின்றவர்களை எண்ணினீர்களா என்று மரியாதையாகக் கேளுங்கள். கம்ப்யூட்டர் இல்லை என்று சும்மா இருக்க வேண்டாம். நாணயத்தைச் சுண்டிப் போட்டும் சீட்டுக் குலுக்கியும் திண்ணையிலேயே இந்த ஆட்டத்தை ஆடலாம். ஆயிரம் தடவை சுண்டும் சிரமத்தை யந்திரம் ஒரு நொடியில் செய்கின்றது, அவ்வளவுதான். நாம் சொன்னதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். ஆடிப் பாருங்கள், சரியில்லை என்று பட்டால் தள்ளிவிடுங்கள்.

விதி என்ற வார்த்தைக்கு நம் பாஷையில் இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று தலையெழுத்து, மற்றொன்று ஆட்டத்தின் சட்டம். பரமபதத்தில் இரண்டும் ஒன்றே என்று சொல்லி நம்மை ஏமாற்றினார்கள். இந்தத் திரையில் விதியை எழுதினவன் மனிதன் என்பதையும், அதைத் திறந்து பார்க்கலாம், தப்பாயிருந்தால் அழித்து எழுதலாம் என்பதையும் இன்று உங்கள் கையினாலேயே பார்த்தீர்கள். வெளியிலும் அப்படியேதான். பள்ளிக்கூடத்தின் விதியையும் மனிதன்தான் எழுதினான்; அழித்து எழுத வேண்டியவர்களும் நாமேதான்.